சட்ட ஆய்வு வலையமைப்புகள் புதியவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்கின்றன? கல்வராயன் மலையிலிருந்து ஒரு குறிப்பு

இந்தப் பதிவுக்குக் காரணம் ஒரு விண்ணப்பப் படிவம்.

கல்வராயன் மலை ஜாகீர்களைப் பற்றி நான் அவ்வப்போது குறிப்பு எழுதுவது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அதைப் படித்துவிட்டு ஒரு மாணவி கூப்பிட்டார். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊர். மலையாளி பழங்குடி. அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் படிக்கிறார். அவர் ஊரில் சட்டம் படிக்கப் போன முதல் ஆள் அவர்தான். (மலையாளி என்றால் கேரளம் இல்லை. இந்த மலைகளில் வாழும் தமிழ் பேசும் மக்களின் பெயர்.)

அடுத்த முறை ஊருக்குப் போனபோது கச்சிராயபாளையத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். போனில் ஒரு படிவத்தைத் திறந்து காட்டினார். சட்டத்தையும் சமூகத்தையும் ஆராயும் ஒரு வலையமைப்பு. உறுப்பினராகச் சேர அஞ்சு கட்டங்கள்: பெயர், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், உயர்ந்தபட்சப் பட்டம், வெளியான கட்டுரைகள், பரிந்துரைக்கும் இரண்டு பேர். அதில் பெயர் மட்டும்தான் நிரப்பியிருந்தது.

"அண்ணா, நிறுவனம்னா காலேஜ் பேரைப் போடலாமா? பரிந்துரைக்க ரெண்டு பேர் வேணுமாம். எனக்கு யாரைத் தெரியும்?"

கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரையும் எடுத்து வைத்தார். உள்ளே அவங்க தாத்தா பத்திரமாக வைத்திருந்த ரசீதுகள். ஜாகீர்தாருக்கு வரி கட்டியதற்கான ரசீதுகள். "ஏருக்கு இவ்வளவுன்னு கட்டினோம்னு தாத்தா சொல்வாரு. இதை வெச்சு ஏதாவது எழுதணும்னு ஆசை. ஆனா தனியா உக்காந்து எழுதினா சரியா தப்பான்னு யாரைக் கேக்கறது?"

அன்றைக்கு எனக்கு உருப்படியான பதில் தெரியவில்லை. நான் மென்பொருள் எழுதுகிறவன். சட்டம் படித்தவனில்லை, பல்கலைக்கழகத்துக்காரனும் இல்லை. திரும்பி வந்து, இந்த மாதிரி அமைப்புகள் எப்படி ஆள் சேர்க்கின்றன என்று தேடிப் படித்தேன். படித்ததை அவருக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில், வாசல் எதற்கு?

ஆய்வு வலையமைப்பு என்பது கல்லூரி மாதிரி இல்லை. பாடம் நடத்தாது, பட்டம் தராது. ஒரே மாதிரியான விஷயங்களில் வேலை செய்யும் ஆட்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள, அரைகுறையாக இருக்கும் கட்டுரைகளைக் காட்டிக் கருத்துக் கேட்க, மாநாடு நடத்த, சேர்ந்து எழுத ஏற்பட்ட ஏற்பாடு.

அறிவு எல்லாருக்கும் பொதுதானே, அப்புறம் எதற்கு விண்ணப்பம், பரிந்துரை எல்லாம்? எனக்கும் முதலில் இப்படித்தான் தோன்றியது. யோசித்தால் மூணு நியாயமான காரணங்கள் இருக்கு.

ஒன்று, உள்ளே சுற்றுவது முடிக்காத எழுத்து. வெளியாகாத கட்டுரையை ஒருத்தர் உங்களிடம் கொடுக்கிறார் என்றால், நீங்கள் அதை எடுத்து உங்கள் பெயரில் போட்டுக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கை வேண்டும்.

இரண்டு, சட்ட ஆய்வில் வருபவர்கள் நிஜ மனிதர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு மலை முழுக்க எல்லார் கண்ணும் விழுந்தது. அந்தச் சமயத்தில் மலைக்காரர் ஒருவர் ஆய்வாளரிடம் மனம் விட்டுப் பேசியது ஊர் பெயரோடு வெளியே போனால் என்ன ஆகும்? போலீஸ் வீட்டு வாசலில் நிற்கலாம். படிப்பவர் யார் என்று தெரியாத இடத்தில் அப்படிப்பட்ட குறிப்பைப் பகிர முடியாது.

மூன்று, நேரம். இந்த அமைப்புகளைப் பெரும்பாலும் சம்பளமில்லாமல் சில ஆசிரியர்கள்தான் நடத்துகிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் பேச மட்டுமே வந்தால் படிக்க ஆள் இருக்காது.

ஆக, வாசல் இருப்பது தப்பில்லை. அங்கே நிற்பவர் என்ன கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கு.

நாலு விதமான வாசல்கள்

உலகத்தில் இருக்கும் சட்ட ஆய்வு அமைப்புகளை எடுத்துப் பார்த்தால், ஆள் சேர்க்கும் முறை சுமாராக நாலு வகையில் அடங்குகிறது.

முதல் வகை: உள்ளே இருப்பவர்களே தேர்ந்தெடுப்பது. இதற்குப் பழைய உதாரணம் சர்வதேச சட்டக் கழகம். 1873-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் 11 சட்ட அறிஞர்கள் கூடித் தொடங்கியது. 1904-ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியது. இங்கே நீங்களாக விண்ணப்பித்துச் சேர முடியாது. இருக்கிறவர்கள் ஓட்டுப் போட்டு, முதலில் இணை உறுப்பினராக எடுப்பார்கள். பிறகு அவர்களிலிருந்து முழு உறுப்பினர்கள். 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் எண்ணிக்கை 132-ஐத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பும் உண்டு.

இரண்டாம் வகை: ஒருத்தர் முன்மொழிய, மற்றவர்கள் வழிமொழிய, குழு பார்த்து முடிவு செய்வது. 1923-ல் தொடங்கிய அமெரிக்கச் சட்டக் கழகம் இப்படி. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் உங்கள் பெயரை எழுதித் தர வேண்டும், இன்னும் சில உறுப்பினர்கள் ஆதரவுக் கடிதம் தர வேண்டும், உறுப்பினர் குழு ஆராய வேண்டும், கடைசியில் அதன் மன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் எழுதும் சட்டத் தொகுப்புகளை அமெரிக்க நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுகின்றன. அதனால் யார் உள்ளே வருகிறார்கள் என்பதில் அவ்வளவு கவனம்.

மூன்றாம் வகை: தொழிலைப் பார்த்துச் சேர்ப்பது. டெல்லியில் உச்ச நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் இந்தியச் சட்டக் கழகத்தை இதற்குச் சொல்லலாம். 1956-ல் தொடங்கியது. இந்தியத் தலைமை நீதிபதி பதவி வழியில் அதன் தலைவர். நீதிபதிகள், வழக்கறிஞர்கள், சட்ட ஆசிரியர்கள் என்று சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்களின் உலகம் அது. கறுப்புக் கோட்டு போட்டவருக்கு அந்த வாசல் பழக்கமானது. என்னை மாதிரி பி.இ. ஆளுக்கு அங்கே வேலை கொஞ்சம் குறைவுதான்.

நாலாம் வகை: ஆர்வத்தையும் செய்யும் வேலையையும் பார்த்துச் சேர்ப்பது. 1964-ல் அமெரிக்காவில் தொடங்கிய சட்டமும் சமூகமும் சங்கம் இந்த வகை. சட்டம், சமூகவியல், மானுடவியல், வரலாறு, எந்தத் துறையாக இருந்தாலும் சந்தா கட்டிச் சேரலாம். மாணவர்களுக்குச் சந்தா குறைவு. அதற்குள்ளே தெற்காசியாவுக்கென்றே ஒரு கூட்டாய்வுக் குழுவும் இருக்கிறது.

நம்ம பக்கத்தில் இந்த வகைக்கு நல்ல உதாரணம், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சட்டம் மற்றும் ஆளுகை ஆய்வு மையத்தில் உருவான சட்டம் மற்றும் சமூக அறிவியல் ஆய்வு வலையமைப்பு. சுருக்கமாக லாஸ்நெட். சமூகவியலாளர் பிரதிக்ஷா பக்ஷி முன்னின்று நடத்தியது. ஆய்வாளர்கள், வழக்கறிஞர்கள், முனைவர் பட்ட மாணவர்கள் மூவரையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பதுதான் நோக்கம். 2009-ல் டெல்லி, 2010-ல் புனே, 2012-ல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகம் என்று மாநாடுகள் நடந்தன. நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரும், ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ஆறு மாசம் உட்கார்ந்து கவனித்த மானுடவியல் மாணவரும் ஒரே மேசையில் பேசுவது அதற்கு முன்னால் இங்கே அபூர்வம்.

மாணவி போனில் காட்டிய படிவம் இரண்டாம் வகையும் நாலாம் வகையும் கலந்த ஒன்று. "ஆர்வமுள்ள யாரும் விண்ணப்பிக்கலாம்" என்று மேலே எழுதியிருக்கும். கீழே வந்தால் இரண்டு பேர் பரிந்துரை கேட்கும். இப்போது பல வலையமைப்புகளின் நிலைமை இதுதான்.

வாசல் மாறினால் கேள்வியும் மாறும்

யார் சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன என்று கேட்கலாம். சேரும் ஆட்களைப் பொறுத்துத்தான் என்ன கேள்வி கேட்கப்படும் என்பது முடிவாகிறது. மேலே சொன்ன கென்ட் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

அந்த 11 பேரில் ஒருத்தர் அர்ஜென்டினா, ஒருத்தர் நியூயார்க். மற்ற எல்லாரும் ஐரோப்பா. ஆசியாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ ஒருத்தர்கூடக் கிடையாது. அவர்களில் எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் லோரிமர் பத்து வருஷம் கழித்து ஒரு சர்வதேசச் சட்ட நூல் எழுதினார். மனித குலத்தை நாகரிகம் அடைந்தவர்கள், பாதி நாகரிகம் உள்ளவர்கள், காட்டு மக்கள் என்று மூணாகப் பிரித்தார். முதல் பிரிவுக்கு முழுச் சட்ட அங்கீகாரம், இரண்டாவதுக்குப் பாதி, மூன்றாவதுக்கு மனிதர்கள் என்ற அளவில் மட்டும். அந்த மேசையில் இரண்டாம், மூன்றாம் பிரிவு ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இதை யாரும் மறுப்பு சொல்லாமல் விட்டிருப்பார்களா?

ஏறத்தாழ அதே காலத்தில் நம்ம மலையைப் பற்றியும் எழுதினார்கள். 1878-ல் கார்ஸ்டின் எழுதிய தென் ஆற்காடு கையேடு, 1883-ல் லெ ஃபானுவின் சேலம் கையேடு, 1906-ல் பிரான்சிஸின் தென் ஆற்காடு கெஜட்டியர், 1909-ல் தர்ஸ்டனின் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகள். இவற்றையெல்லாம் நான் மதிக்கிறேன், என் குறிப்புகளில் பாதி இவற்றிலிருந்து வந்தவை. ஆனால் எல்லாமே வரி வசூலிப்பவர் பக்கத்திலிருந்தோ, வேடிக்கை பார்ப்பவர் பக்கத்திலிருந்தோ எழுதப்பட்டவை. கல்யாணம் எப்படி, சாமி எது, தலைப்பாகை எப்படி என்று பக்கம் பக்கமாக இருக்கும். வரி கட்டினவர் கையில் என்ன காகிதம் இருந்தது, அந்தக் காகிதத்தால் அவருக்கு என்ன உரிமை வந்தது என்ற கேள்வியை நான் தேடிய வரையில் அவற்றில் பார்க்கவில்லை.

கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து பல வருஷம் கழித்து, 1976-ல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது இந்த வரலாறு நீதிமன்றத்தில் பேசப்பட்டது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றி நீதிபதிகள் அரசிடம் கேட்டார்கள்.

ஒரு மலையின் சட்ட வரலாறு வெளியே பேசப்பட 60 பேருக்கு மேல் சாக வேண்டியிருந்தது. இதை ஆராயும் ஆட்கள் அந்த மலையிலிருந்தே முன்னாடியே வந்திருந்தால் கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு.

சேர்ப்பதற்கான அளவுகோல் பற்றி மலைக்கு ஏற்கெனவே தெரியும்

மாணவி ஒரு விஷயம் சொன்னார். "பரிந்துரைக்கு ரெண்டு பேர் கேக்கறது எங்களுக்குப் புதுசு இல்லண்ணா. சர்டிபிகேட்டுக்கு அலையறப்ப இதைத்தானே கேக்கறாங்க." அது சரியான ஒப்பீடு என்று பிறகு புரிந்தது.

பழங்குடிப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 342-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவிக்கிறார். மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயரும் இருக்கு: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. கள்ளக்குறிச்சி தென் ஆற்காட்டில் இருந்தது, 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது, 2019-ல் தனி மாவட்டம் ஆனது. ஆகவே கல்வராயன் மலைக்காரர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் இல்லை. அந்தப் பகுதி அன்றைக்குக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, கோயம்புத்தூர் பட்டியலில் இல்லை. மனிதர்கள் ஒன்றுதான். மாவட்ட எல்லை ஒரு கோடு போட்டது.

பட்டியலில் இருந்தாலும் சான்றிதழ் சும்மா வராது. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்க 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆய்வுக் குழு, விசாரணைப் பிரிவு என்று விரிவான நடைமுறை வகுத்தது. அதில் ஒன்று, அந்தச் சமூகத்தின் வழக்கங்கள், சடங்குகள், சாவுச் சடங்கு முறை எல்லாம் விண்ணப்பதாரருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது. நாளடைவில் இதுவே பெரிய பரீட்சையாகிவிட்டது. டவுனில் வளர்ந்த பிள்ளைக்குப் பாட்டன் காலச் சடங்கு தெரியவில்லை என்றால் அவன் பழங்குடி இல்லை என்று ஆகிவிடுமா? 2023-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, இந்த ஒட்டுறவுச் சோதனை மட்டுமே முடிவான உரைகல் ஆகாது என்று தெளிவாகச் சொன்னது. பழைய ஆவணங்களுக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும்.

இதில் ஆய்வு வலையமைப்புகளுக்கும் ஒரு பாடம் இருக்கு. நேராக அளக்க முடியாத ஒன்றை அளக்க நாம் ஒரு அடையாளத்தை வைக்கிறோம். சான்றிதழில் அது சடங்கு அறிவு. வலையமைப்பில் அது பல்கலைக்கழகப் பெயர். உண்மையில் தெரிய வேண்டியது, இந்த ஆள் நம்பிக்கையானவரா, உழைத்திருக்கிறாரா என்பதுதான். பல்கலைக்கழகப் பெயர் அதற்கு ஒரு குறுக்குவழி. பல சமயம் வேலை செய்யும். அந்தப் பெயர் கிடைக்க வழியே இல்லாத ஆளிடம் மட்டும் வேலை செய்யாது.

எங்கள் தொழிலில் இதை எப்படிச் செய்கிறார்கள்

மென்பொருள் உலகத்திலும் இதே பிரச்சினை உண்டு. டெபியன் என்று ஒரு இயங்குதளம், 1993-லிருந்து தன்னார்வலர்கள் நடத்துவது. உலகத்தில் எத்தனையோ சர்வர்கள் அதில் ஓடுகின்றன. முழு உறுப்பினரானால் அந்த சர்வர்களுக்குப் போகும் மென்பொருளில் கை வைக்கும் அதிகாரம் வரும். எனவே யாரை வேண்டுமானாலும் விட முடியாது.

அவர்கள் பட்டம் கேட்பதில்லை. கம்பெனி பெயரும் கேட்பதில்லை. மூன்று விஷயம் பார்க்கிறார்கள். நீங்கள் சொல்லும் ஆள் நீங்கள்தானா என்று ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் உங்கள் மின்னணுச் சாவியில் கையொப்பமிட்டு உறுதி செய்ய வேண்டும். கூட வேலை பார்த்த ஒரு உறுப்பினர் உங்களுக்காகப் பேச வேண்டும். அப்புறம் ஒருத்தர் உங்களோடு பொறுமையாக உட்கார்ந்து, இந்த அமைப்பின் கொள்கை புரிகிறதா, வேலை தெரிகிறதா என்று கேள்வி கேட்டுப் பார்ப்பார்.

இங்கேயும் பரிந்துரை உண்டு, கவனியுங்கள். ஆனால் அந்தப் பரிந்துரையை வெளியாளாக இருந்தே சம்பாதிக்கலாம். உறுப்பினர் ஆகாமலேயே பிழை திருத்தி அனுப்பலாம். நாலு திருத்தம் நல்லதாக இருந்தால் உள்ளே ஒருத்தர் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்வார். அதாவது வேலை முதலில், சேர்க்கை பிறகு.

சட்ட ஆய்விலும் இது முடியும். இது எனக்குப் புரிய ஒரு தோல்வி தேவைப்பட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் நானே ஒரு ஆய்வுக் குழுவுக்கு விண்ணப்பித்தேன். நிறுவனம் என்ற கட்டத்தில் என் ஐ.டி. கம்பெனி பெயரைப் போட்டேன். பதிலே வரவில்லை. பி.இ. என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று ரொம்ப நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பதிவுக்காக அந்தப் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். மூணு பத்தி முழுக்க எனக்கு எவ்வளவு ஆர்வம் என்றே எழுதியிருக்கிறேன். கேள்வி ஒன்றுகூட இல்லை. நான் அந்தக் குழுவில் இருந்திருந்தால் நானும் பதில் போட்டிருக்க மாட்டேன்.

அப்படியானால் என்ன எழுதுவது?

மாணவியும் நானும் இரண்டு வாரம் போனில் பேசி ஒரு பக்கம் தயார் செய்தோம். எழுதியது அவர்தான். நான் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு பகுதி வந்தது. இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன்.

முதலாவது, கேள்வி. ஆரம்பத்தில் அவர் எழுதியது "கல்வராயன் மலை மக்களின் நில உரிமைகள்". அது தலைப்பு, கேள்வி இல்லை. பேசப் பேச அது இப்படி ஆனது: ஜாகீர் காலத்து வரி ரசீது, வன உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்தின் உரிமைக் கோரிக்கைக்குச் சான்றாக நிற்குமா?

இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் இருந்து வரும் பழங்குடியினர் உரிமை கோரலாம். கிராம சபை முதலில் பார்க்கும், பிறகு கோட்ட அளவுக் குழு, மாவட்ட அளவுக் குழு. என்னென்ன சான்று காட்டலாம் என்று அதன் விதிகளில் 13-வது விதி பட்டியல் போடுகிறது. அரசு ஆவணங்கள், ஊர்ப் பெரியவர்களின் எழுத்து மூலமான வாக்குமூலம் ஆகியவற்றோடு, பழைய சமஸ்தானங்கள், மாகாணங்கள் அல்லது இடைத்தரகர்கள் கொடுத்த உரிமை, சலுகைப் பதிவுகளும் அதில் இருக்கு. ஜாகீர்தார் அந்த இடைத்தரகர் என்ற சொல்லுக்குள் வருவாரா? வந்தால் அவர் கொடுத்த வரி ரசீது உரிமைப் பதிவு ஆகுமா, வெறும் பணம் கட்டிய சீட்டு ஆகுமா? அந்த பிளாஸ்டிக் கவர் எவ்வளவு பெரிய விஷயம் என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது, கையில் இருக்கும் பொருள். எத்தனை ரசீது, எந்தக் காலம், என்ன மொழி, யாரிடமிருந்து வந்தது. இதைச் சொல்ல முனைவர் பட்டம் வேண்டாம். ஒழுங்காகப் பட்டியல் போட்டாலே போதும். இந்த இடத்தில் எந்தப் பேராசிரியரைவிடவும் அவர் கையில் அதிகம் இருக்கிறது.

மூன்றாவது, தெரியாதது. "பழைய கையெழுத்து சில இடங்களில் படிக்க வரவில்லை, ஜாகீர் ஒழிப்பு அரசாணைகளைத் தேடும் முறை தெரியவில்லை, அதற்காகவே உங்களோடு சேர விரும்புகிறேன்." சேர்வதற்கான காரணம் இவ்வளவு நேராக இருந்தால் போதும்.

நாலாவது, அடையாளமும் பரிந்துரையும். நிறுவனம் என்ற கட்டத்தில் கல்லூரிப் பெயர், மாணவி என்று போட்டார். எந்த நிறுவனமும் இல்லாதவர் 'தனி ஆய்வாளர்' என்று எழுதலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பரிந்துரைக்கு, அவருடைய ஒப்படைப்பு ஒன்றைப் படித்துத் திருத்திய ஒரு ஆசிரியையின் பெயர் கிடைத்தது. பெரிய மனுஷர்களைத் தேட வேண்டாம், உங்கள் எழுத்தை உண்மையில் படித்தவர் ஒருவர் போதும். இரண்டாவது பெயருக்கு ஆள் இல்லை. அதை மறைக்காமல், "இரண்டாவதாகப் பரிந்துரைக்க எனக்கு யாரும் இல்லை, இணைத்துள்ள ரசீதுப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று எழுதினார். என் பெயரைப் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் அந்த வலையமைப்புக்கு யாருமில்லை.

வந்த பதில்

மூணு வாரம் கழித்துப் பதில் வந்தது. சேர்த்துக்கொண்டோம் என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. மூன்று கேள்விகள். ரசீதில் இருக்கும் பெயர்கள் யாருடையவை? அவர்களுக்கோ அவர்கள் வாரிசுகளுக்கோ இது தெரியுமா? பெயர்களை மறைத்து எழுதச் சம்மதமா?

எனக்குச் சந்தோஷம். வாசலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதானே. மாணவி மலைக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்டார். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டாராம். பெயரை மறைக்க மறுப்பு. "பேரை எடுத்துட்டா அப்புறம் அது எவன் ரசீது? பேரு இருந்தாத்தானே நம்ம நிலம்னு தெரியும்?"

ஆய்வு நெறி பெயரை மறைக்கச் சொல்கிறது, ஆட்களுக்குத் தீங்கு வரக் கூடாது என்று. தாத்தாவுக்குப் பெயர்தான் சான்று. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. மாணவி ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தக் கவரில் இருந்த ரசீதுகளில் சில பக்கத்து வீட்டுக் குடும்பங்களுடையவை. பத்திரமாக இருக்கட்டும் என்று தாத்தாவிடம் கொடுத்து வைத்தவை. அவற்றை இப்போதைக்கு எடுக்கவில்லை, அந்தந்த வீட்டில் கேட்ட பிறகுதான். சொந்தக் குடும்ப ரசீதுகள் மட்டும், தாத்தா சம்மதித்தபடி பெயரோடு. இதை அப்படியே எழுதி அனுப்பினார். நாலாவது நாள் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. பழைய வருவாய்த் துறை ஆவணங்களைப் படித்துப் பழகிய ஒருவரை அவருக்கு அறிமுகமும் செய்து வைத்திருக்கிறார்கள்.

கேள்விக்கு விடை இன்னும் கிடைக்கவில்லை. ரசீது சான்றாக நிற்குமா என்று கிராம சபையும் குழுக்களும் சொல்ல வேண்டும், ஒருவேளை நீதிமன்றம் வரைக்கும் போகலாம். ஆனால் அதைக் கேட்கும் மேசையில் இப்போது ரசீதுக்காரர் வீட்டு ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் கூப்பிட்டிருந்தார். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியும் சட்டம் படிக்கிறாளாம், அவளும் சேர விரும்புகிறாளாம். "இந்தத் தடவை ரெண்டாவது பேரா நான் கையெழுத்துப் போடலாம்ல அண்ணா?" என்று கேட்டார்.

தாராளமாகப் போடலாம். அவள் எழுதினதை முதலில் படிச்சிடும்மா என்று மட்டும் சொன்னேன்.